குறுக்குத்துறையில் மினுங்கிய ஆறு: மூன்றாவது முயற்சி

இந்த முறை தண்ணீர் தண்ணீராகவே பதிவாகியிருக்கிறது. நான் எடுக்கும் படத்தில், திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் ஆச்சி துணி துவைக்கும் காட்சிக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டேன். 11 ஷாட்டுகளில் ஏழு முடிந்துள்ளன.

முதல் வாரம், பின்னணி மங்க வேண்டும் என்பதற்காக லென்ஸின் திறப்பை எஃப் 2.8 என அகலமாக வைத்து, ஃபில்டர் இல்லாமல் எடுத்தேன். கேமராவின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 என்று குறைவாக இருந்தும் அந்த வெயிலுக்கு ஷட்டர் வேகம் 1/3200 வரை ஏறியது; அதாவது ஒரு ஃபிரேம் ஒளி வாங்கும் நேரம் நொடியில் 3200இல் ஒரு பங்கு. தெறித்த துளிகளெல்லாம் பாசிமணிகளாக அந்தரத்தில் நிற்க, துணியை ஓங்கி அடிக்கும் ஆச்சியின் கை வெட்டி வெட்டி நகர்ந்தது. நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கையில் ஷட்டர் 1/50 ஆக இருந்தால்தான் அந்த வீச்சில் கண்ணுக்குப் பழகிய இழுவை கிடைக்கும்.

அதற்கு வெளிச்சத்தை ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாக்குவது) குறைக்க வேண்டும் என்பதால் இரண்டாம் வாரம் வேரியபிள் என்டி, அதாவது இருட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஃபில்டர், மாட்டினேன். அசைவு சரியானது, ஆனால் ஆறு செத்துக் கிடந்தது. வேரியபிள் என்டி என்பது ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய இரண்டு போலரைசர்கள்தான் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள்) என்பதால், இருட்டைக் கூட்ட முன் வளையத்தைத் திருப்பும்போது நீரின் மேற்பரப்பிலிருந்து வரும் பிரதிபலிப்பும் அதோடு மாறுகிறது. எனக்கு வேண்டிய இருட்டு கிடைத்த கோணத்தில் மினுக்கம் பெரும்பாலும் அடங்கி, அடியில் கிடந்த கூழாங்கற்கள்தான் தெளிவாகத் தெரிந்தன. வெயில் சிதறாத தாமிரபரணியை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

இந்த வாரம் போலரைசர் இல்லாத, வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காக்கும் நிலையான என்டி 64. ஜங்ஷனில் விசாரித்த கடைகளில் என் லென்ஸுக்கான 67 மி.மீ. அளவு கிடைக்காததால் இணையத்தில் வரவழைத்தேன். விலை குறைந்த கண்ணாடி என்பதால் படத்தில் லேசான செம்மை ஏறுகிறது. ஃபில்டரை மாட்டிய பிறகு வெள்ளைத் தாளைக் காட்டி, வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி ஒயிட் பேலன்ஸ் வைத்ததும் அது அடங்கிவிட்டது. ஆச்சி சேலையை உதறிய கணத்தில் துளிகள் கோடுகளாக நீள, பின்னால் ஆறு முழுக்க மினுங்கியது. அந்த ஒரு ஷாட்டை இருபது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

அடுத்து அடுக்களைக் காட்சியை டியூப்லைட்டில் எடுக்க எண்ணியிருக்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கும் 1/50 இருந்தால் டியூப்லைட்டின் துடிப்பால் படத்தில் பட்டை விழாது. அதற்கு முன் ஆற்றில் நான்கு ஷாட்டுகள் பாக்கி. “வெயிலு ஏறுமுன்ன வந்து முடிச்சிருல” என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். அந்நேரத்து வெளிச்சத்துக்கு 64 அதிகம். என்டி 16 ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.