டூ த நீட்ஃபுல், அதாவது ஆவன செய்க

போன வாரம் தரமணியில் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண், லண்டன் கிளையண்ட்டுக்கு எழுதிய மெயிலை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். கடைசி வரி 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இந்தியன் இங்கிலீஷ்மா, வெள்ளைக்காரன் சிரிப்பான், எடுத்துடு" என்றார். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்குக் கோபம்தான் வந்தது.

இது நாம் உண்டாக்கிய தொடரே இல்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்காரர்களே கடிதங்களில் சாதாரணமாக எழுதியது. அங்கே பேச்சுவழக்கில் 'த நீட்ஃபுல்' என்றால் பணம் என்றுகூட ஒரு பொருள் உண்டு. போன நூற்றாண்டில் அவர்கள் அதைக் கைவிட்டார்கள், நாம் விடவில்லை, அவ்வளவுதான். இலக்கணத்திலும் குறை கிடையாது. நீட்ஃபுல் பெயரடை, முன்னால் 'த' சேர்ந்ததும் அது 'தேவையானது' என்று பெயராகிவிடுகிறது. முடிந்த வேலைக்கு 'டிட் த நீட்ஃபுல்' என்றும் எழுதலாம்.

தமிழில் இதற்குச் சரியான ஜோடி இருக்கிறது: ஆவன செய்க. ஆவது ஒருமை, ஆவன பன்மை. செய்யவேண்டியவை எவையோ அத்தனையும் என்று அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது, அதனால் எனக்கு ஆங்கிலத்தைவிட இதுதான் ஒரு படி மேல். எப்படிச் செய்வது என்று எதிராளிக்குப் பாடம் எடுக்காமல், உங்களுக்குத் தெரியும், நீங்களே பாருங்கள் என்று விட்டுவிடுகிற மரியாதை இரண்டிலும் இருக்கிறது.

ஆனால் அந்த மரியாதைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அப்பா அரசு ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கு மனு எழுத உட்கார்ந்தவர், பேனாவை எடுக்கும் முன் டார்ச்சோடு கீழே இறங்கிப் போய் கம்பத்தில் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார். கம்ப எண், எந்த வீட்டு வாசல், எத்தனை நாளாக இருட்டு, எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'. "இது கடைசி வரிடா, முழு மனுவும் இதுவே ஆயிடக் கூடாது" என்பார்.

அந்தப் பெண்ணின் மெயிலில் சிக்கல் அங்கேதான் இருந்தது. 'ஆக்சஸ் வேலை செய்யவில்லை, கைண்ட்லி டூ த நீட்ஃபுல்', மொத்தமே இவ்வளவுதான். யாருடைய ஆக்சஸ், எந்த சர்வர், எப்போதிலிருந்து? லண்டனில் இருப்பவர் எதைச் செய்வார்? இன்றைக்கு அங்கே பலருக்கு அந்தத் தொடரே பழக்கமில்லை என்பதையும் சொன்னேன். சரி, நம் ஊருக்குள் எழுதும்போது வைத்துக்கொள், அவர்களுக்கு வேலையையே நேராகச் சொல்லிவிடு என்றேன். யூசர் ஐடி, சர்வர் பெயர், திங்கட்கிழமை காலையிலிருந்து என்று மூன்று வரி சேர்த்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த வரியும் இருக்கட்டுமே" என்றாள். இருக்கட்டும் என்றேன், அப்படியே அனுப்பினாள்.