நூலகத் தளத்தில் ஜெயகாந்தனைத் தேடியபோது

எங்கள் கல்லூரி நூலக இணையதளத்தைப் புதுப்பிப்பது பற்றிய கூட்டத்தில் முகப்புப் படம், நிறம், முதல்வரின் வாழ்த்துச் செய்தி ஆகியவையே பேச்சாக இருந்தன. மாணவர்கள் தளத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம் என்று கேட்டு அனுமதி வாங்கினேன்.

செலவு ஒன்றும் இல்லை. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் யாகோப் நீல்சன் 2000-இல் எழுதியிருக்கிறார். ஐந்து மாணவர்களை அழைத்து, அவரவர் கைபேசியிலேயே சில வேலைகளைச் செய்யச் சொன்னேன்: ஜெயகாந்தன் நாவல் ஒன்றைத் தேடுவது, எடுத்த புத்தகத்தின் தவணையை நீட்டிப்பது, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரும் என்-லிஸ்ட் சேவையில் ஒரு கட்டுரையைத் திறப்பது. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். நான் உதவக் கூடாது. கேட்டதை எடுத்துக் கொடுத்தே பழகிய நூலகருக்கு இது கொடுமையான விதி.

நூல்பட்டியலைத் தேடுவதற்கான 'ஓபேக்' என்ற இணைப்பை யாருமே தொடவில்லை. அதை எடுத்துவிட்டுத் தேடல் பெட்டியையே முகப்பின் உச்சியில் வைத்தோம். என்-லிஸ்டில் நூலக அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்துத் தோற்றார்கள். அதற்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று இணைப்பின் அருகிலேயே ஒரு வரி சேர்த்தோம்.

உண்மையான சிக்கல் தேடலில் இருந்தது. தமிழில் 'ஜெயகாந்தன்' என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. "இங்கே ஜெயகாந்தன் இல்லை சார்" என்றான் ஒரு மாணவன். அவனுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவர்தான். பழைய பதிவுகள் எல்லாம் ரோமன் எழுத்தில் இருந்தன. அதிலும் 'ஜெ'வுக்கு ஒருவர் 'ஏ' (a) போட்டிருந்தார், இன்னொருவர் 'ஈ' (e). 'த'வுக்கு 'ஹெச்' சேர்ப்பது பதிவு செய்தவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது போலும்.

நாங்கள் பயன்படுத்துவது கோஹா என்ற நூலக மென்பொருள். நூல் பதிவில் மாற்றுத் தலைப்புக்கான 246 என்ற எண்ணுள்ள புலத்தில் தமிழ்த் தலைப்பைச் சேர்த்தோம். ஆசிரியர் பெயர்ப் பதிவில் மாற்றுப் பெயர்களுக்கான 400 புலத்தில் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தமிழ் வடிவத்தையும் இட்டு, தேடல் அவற்றையும் பார்க்கும்படி அமைப்பை மாற்றி, மறுபடி அட்டவணைப்படுத்தினோம். எந்த வழியில் தேடினாலும் இப்போது ஜெயகாந்தன் கிடைக்கிறார். அதிகம் இரவல் போகும் நூல்களில் தொடங்கியதால் இலக்கியம் முடிந்துவிட்டது, வரலாறு நடக்கிறது.

வேறு மாணவர்களை வைத்து மறுபடி சோதித்தபோது தேடலில் யாரும் திணறவில்லை. தவணை நீட்டிக்கும் பொத்தான்தான் சிறிய திரையில் இன்னும் கண்ணில் படவில்லை. அடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும்.