மயில்துத்தம் 2 கிராம், பக்கெட் 22 லிட்டர்

மொட்டை மாடியில் மண்ணில்லாமல் கீரையும் லெட்யூஸும் வளர்க்க ஆரம்பித்து மூன்று வருசம் ஆகிறது. அவிநாசிக்குப் பக்கம் வீடு. முதல் ஒன்றரை வருசம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும் சத்துக் கரைசலைத்தான் வாங்கி ஊற்றினேன். பாட்டிலில் பெரும்பங்கு தண்ணீர், அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துக் கூரியர் காசு கொடுக்கிறோம் என்பது ஒருநாள் உறைத்தது. சொட்டுநீர் போட்ட தோட்டத்துக்காரர்கள் வாங்கும் உரக்கடையிலேயே கால்சியம் நைட்ரேட், 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்), 0-52-34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்), மெக்னீசியம் சல்பேட் எல்லாம் கிடைக்கிறது. நாமே கலக்கிவிடலாம் என்று இறங்கினேன்.

பெரிய உப்புகளில் தொல்லையே இல்லை. 10 லிட்டர் அடர்கரைசலுக்கு (பிறகு தொட்டித் தண்ணீரில் கொஞ்சமாகக் கலக்கும் கெட்டிக் கரைசல்) ஒரு கிலோ கால்சியம் நைட்ரேட். சமையலறைத் தராசு 5 கிராம் முன்னே பின்னே காட்டினாலும் அரை சதவீதம்தான், செடிக்குத் தெரியவா போகிறது? கால்சியத்தை மட்டும் தனிக் கேனில் வைக்க வேண்டும். சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் அடர்த்தியாகச் சேர்ந்தால் வெள்ளையாக அடியில் படிந்துவிடும், அப்புறம் அது யாருக்கும் ஆகாது.

மாட்டிக்கொண்டது நுண்சத்தில், அதாவது தாமிரம், போரான் போலச் செடிக்குத் துளியே வேண்டிய சத்துகளில். தாமிரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் போதும். மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) தாமிரம் கால் பங்கு. 100 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் மொத்தம் 20 மில்லிகிராம் வருகிறது. ஒரு குந்துமணி ஏறக்குறைய 120 மில்லிகிராம் இருக்கும். குந்துமணித் தங்கம்கூட இல்லை என்று சொல்கிறோமே, அந்தக் குந்துமணியை ஆறாக உடைத்தால் ஒரு துண்டு. என் தராசோ ஒரு கிராமுக்குக் கீழே வாயே திறக்காது.

அதனால் கண் மதிப்பில் போட்டேன். மயில்துத்தம் ஒரு சிட்டிகை. போரானுக்காகப் போரிக் ஆசிட் அரை டீஸ்பூன். கேரம் போர்டில் தூவுகிற பவுடர்தானே, என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. பத்தே நாளில் லெட்யூஸின் கீழ் இலைகள் ஓரம் கருகி, காகிதத்தை நெருப்பில் காட்டியது போல ஆனது. பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 100 லிட்டருக்கு வேண்டிய போரிக் ஆசிட் 0.29 கிராம். அரை டீஸ்பூனில் இரண்டு கிராமாவது இருந்திருக்கும். ஏழு மடங்கு!

சரி, நல்ல தராசு வாங்குவோம் என்று தேடினேன். 200 கிராம் வரை தாங்கி 0.01 கிராம் காட்டும் கையடக்கத் தராசு ஒன்று. 20 கிராம் மட்டும் தாங்கி 0.001 காட்டுவது இன்னொன்று. ஆசைப்பட்டு இரண்டாவதை வாங்கினேன். அதோடு பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபேன் போட்டால் எண் ஆடும். மூச்சு விட்டால் ஆடும். சாயந்திரக் காற்று ஜன்னலில் வந்தால் கேட்கவே வேண்டாம். இதைவிட மோசம், பூஜ்யத்தில் வைத்துத் துளித் துளியாகத் தூவினால் நகரவே மாட்டேன் என்கிறது. தட்டில் தூள் கண்ணுக்குத் தெரிகிறது, திரையில் 0.000. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்ன மாற்றங்களை அலைச்சல் என்று நினைத்துத் தராசே தள்ளிவிடுகிறது. இது தெரியாமல் எத்தனை முறை கூடுதலாகப் போட்டேனோ. இப்போது பூஜ்யமாக்குவதில்லை. காகிதக் கப்பை வைத்து அதன் எடையை எழுதிக்கொள்வேன், தூளைப் போட்டபின் மொத்தத்தைப் பார்த்துக் கழித்துக்கொள்வேன்.

காட்டும் எண் வேறு, நம்பக்கூடிய எண் வேறு. இதை எனக்குப் புரியவைத்தது 5 ரூபாய்க் காசு. 2019-க்கு முன்னால் வந்த மஞ்சள் 5 ரூபாய் 6 கிராம், பழைய தடித்த வெள்ளைக் காசு 9 கிராம். பிறகு வாங்கிய 0.01 தராசில் ஒரே மஞ்சள் காசைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்தேன். 5.98 முதல் 6.02 வரை வந்தது. ஆகக் கடைசி இலக்கத்தில் இரண்டு எண் இங்கிட்டும் அங்கிட்டும் ஆடும். ஒரு சதவீதத்துக்குள் பிழை வேண்டுமென்றால் இதில் 2 கிராமுக்குக் குறைவாக எதையும் நிறுக்கக் கூடாது. விலைச் சீட்டில் எழுதியிருப்பதைவிட இந்தக் கணக்குதான் எனக்கு உதவியது.

காசு தேய்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் போகவில்லை. தெரிந்த நகைப்பட்டறைக்குத் தராசையே எடுத்துப் போனேன். வியாபாரத் தராசு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டியது என்பதால் அங்கே படிக்கல்லும் ஒழுங்காக இருக்கும். ஆசாரி 100 கிராம் கல்லை வைத்தார், 99.97 காட்டியது. "பரவால்லீங் அம்மிணி, இது தேறிக்கும். ஆனா கட்டில் மேல வெக்காதீங்க, கல்லு மேல வெச்சு நிறுங்க" என்றார். பையில் இருந்த மயில்துத்தத்தைப் பார்த்துவிட்டு, "இதை நிறுக்கவா இவ்வளவு பாடு?" என்று சிரித்தார்.

தராசு சரி. ஆனால் 20 மில்லிகிராம் இன்னும் கைக்கு வரவில்லையே. அதை முடித்துவைத்தவன் என் தம்பி. திருப்பூரில் சாய ஆலை லேபில் வேலை. தீபாவளிக்கு வந்தவனிடம் புலம்பினேன்.

"ஏனக்கா, நாங்க அஞ்சு கிராம் துணிக்குக் கலர் போட்டுப் பாக்கறோம். பாயிண்ட் ஒரு சதவீத ஷேடுன்னா அஞ்சு மில்லிகிராம் டை. அதை எவன் நிறுப்பான்? பத்துக் கிராம் டையை எடுத்துக் கரைச்சு ஒரு லிட்டராக்கி வெச்சுக்குவோம். அதுல அரை மில்லி உறிஞ்சுனா அஞ்சு மில்லிகிராம் வந்துருச்சு."

நிறுக்க முடியாததைக் கரைத்து அளந்துகொள்வது. இத்தனை நாள் தராசையே முறைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு லிட்டர் நுண்சத்துப் பாட்டில் போட்டோம். 10,000 லிட்டருக்கு உரியதை அந்த ஒரு லிட்டரில் அடைத்துவிடுவது: மயில்துத்தம் 2 கிராம், போரிக் ஆசிட் 28.6 கிராம், சோடியம் மாலிப்டேட் 1.26 கிராம், கூடவே மாங்கனீசும் துத்தநாகமும் சல்பேட்டாக. மாலிப்டேட் மட்டும் என் 2 கிராம் எல்லைக்குக் கீழே போகிறது, அதில் இரண்டு சதவீதம் பிசகினால் போகட்டும் என்று விட்டேன். இப்போது 100 லிட்டர் தொட்டிக்கு 10 மில்லி. மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி ஊற்றினால் வேலை முடிந்தது. இரும்பு மட்டும் இதில் சேராமல் வெளிச்சம் படாத தனிப் பாட்டிலில்.

கரைக்கும்போது தம்பி கையைத் தட்டிவிட்டான். நான் ஒரு லிட்டர் தண்ணீரை முதலிலேயே அளந்து ஊற்றிவிட்டு உப்பைப் போடப் போனேன். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பது வேறு, கரைத்து ஒரு லிட்டராக்குவது வேறு. முக்கால் லிட்டரில் கரைத்து, கடைசியில் கோடு வரை தண்ணீர் விட வேண்டும். நுண்சத்தில் இந்த வித்தியாசம் சின்னதுதான். ஆனால் 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கால்சியம் நைட்ரேட்டைக் கொட்டினால் கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடிவிடும், நான் அத்தனை நாளும் அப்படித்தான் செய்திருக்கிறேன். கால்சியம் நைட்ரேட் கரையும்போது தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர் விட்டபின் கோடு பார்ப்பது நல்லது.

இத்தனையும் செய்து தொட்டியில் ஊற்றி ஈசி மீட்டரை (தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்தலை வைத்துக் காட்டும் கருவி) வைத்தால், கணக்குப்படி 1.8 வர வேண்டிய இடத்தில் 1.6! மீட்டர் பொய் சொல்கிறது என்று மீட்டரைச் சரிபார்க்கவென்றே விற்கும், 1413 என்று எழுதிய அளவுக் கரைசல் பாக்கெட் வாங்கிச் சோதித்தேன். மீட்டர் சுத்தம். உப்பைத் திரும்ப நிறுத்தேன், சுத்தம். தண்ணீரைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. எங்கள் போர் உப்புத் தண்ணி, ஈசி அதுவே 2-ஐத் தாண்டும், அதைத் தொடுவதே இல்லை. குழாயில் வரும் பவானி ஆத்து நல்ல தண்ணியைத்தான் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். ஆனால் அதை அளந்தது எதில்? '20' என்று கோடு போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டில்.

மாமனார் கொப்பரை நிறுக்க வாங்கிய தொங்கு தராசு ஒன்று கிடந்தது. 50 கிலோ தாங்கும், 10 கிராம் வரை காட்டும். அதை மாடிப்படிக் கம்பியில் மாட்டி, பக்கெட்டைக் கொக்கியில் தொங்கவிட்டு, கோடு வரை தண்ணீர் விட்டேன். பக்கெட் எடை போக 22.3 கிலோ. ஐந்து பக்கெட் ஊற்றி நூறு என்று நினைத்தது 111 லிட்டருக்கு மேலே போயிருக்கிறது. குந்துமணியில் ஆறில் ஒரு பங்குக்கு ஊரெல்லாம் அலைந்தவள், பதினோரு லிட்டரைக் கோட்டை விட்டிருக்கிறேன். மாமா படியில் உட்கார்ந்தபடியே, "வள்ளத்துல தானியம் அளக்கறதுக்கே தலை தட்டி அளக்கோணும், நீ பக்கெட்டை நம்பினியாக்கும்" என்றார்.

அதனால் தண்ணீரையும் எடை போட்டேன். நம் ஊர் வெக்கையில் 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 996 கிராம், அந்த 4 கிராமை நான் கண்டுகொள்வதில்லை. பத்துப் பத்துக் கிலோவாக நிறுத்து ஊற்றி நீல டிரம்மில் ஒவ்வொன்றுக்கும் பெயிண்டால் கோடு போட்டாகிவிட்டது. ஒரு தடவைப் பாடு, அதற்கப்புறம் தொங்கு தராசை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 0.001 தராசு பீரோவில் தூங்குகிறது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: 5 கிலோ சமையலறைத் தராசு ஒன்று, 0.01 தராசு ஒன்று, ஒரு லிட்டர் அளவு உருளை ஒன்று, சிரிஞ்சு ஒன்று. சமையலுக்கு வேறு தராசு வைத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் பார்க்கக் கற்கண்டு போல நீலமாக மின்னும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வைத்துப் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சோடியம் மாலிப்டேட் 100 கிராமுக்குக் குறைவாக எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பாட்டிலுக்கு 1.26 கிராம், ஒரு பாட்டில் வாரம் 100 லிட்டர் வீதம் 100 வாரம் வரும். அந்தச் சின்ன டப்பா தீர 150 வருசம் ஆகும். பேத்திக்குச் சீர் தட்டில் வைத்துவிடலாம் என்கிறான் தம்பி.