நைலோன் ஆலையின் மிச்சமும் நம் மலைக் கொழுந்தும்

தேயிலை மலைக்குப் போடும் எஸ்.ஏ உரம், அதாவது அமோனியம் சல்பேற்று, எங்கிருந்து வருகிறது என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் "உரத் தொழிற்சாலையில் இருந்து" என்பார்கள். அது பாதிதான் சரி. உலகச் சந்தைக்கு வரும் அமோனியம் சல்பேற்றில் பெரிய பங்கு உரத்துக்கென்றே செய்யப்பட்டதல்ல, நைலோனுக்கான மூலப்பொருளைச் செய்யும்போது கூடவே வரும் மிச்சம் அது. இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் வீட்டுச் சம்பளத்தோடு நேரடியாக ஒட்டிய இரசாயனவியல் இது.

நைலோன் 6 என்ற வகையைச் செய்ய கப்ரோலக்டம் என்ற பொருள் வேண்டும். பழைய முறையில் முதலில் ஒக்சைம் என்ற சேர்வையைச் செய்து, பிறகு அதைப் புகையும் சல்பூரிக் அமிலத்தில் போட்டு மூலக்கூறின் அமைப்பை மாற்றுவார்கள். வேலை முடிந்ததும் அவ்வளவு அமிலமும் அப்படியே நிற்கும், அதைச் சும்மா ஆற்றில் விட முடியாது. அமோனியாவைச் செலுத்தி நடுநிலையாக்கினால் அமோனியம் சல்பேற்று உப்பாகப் படிகிறது. இரண்டு படிகளிலும் வருவதைச் சேர்த்தால், பழைய முறையில் 1 தொன் கப்ரோலக்டத்துக்கு 4 தொன்னுக்கும் மேல் இந்த உப்பு கிடைக்கும். விற்க வந்த பொருளை விட மிச்சம் நான்கு மடங்கு! அதை வாங்க ஆள் இல்லாவிட்டால் அந்த ஆலைக்கே பெரிய தலைவலி. நமக்கோ அது நன்றாகவே பொருந்துகிறது: அதில் 21 சதவீதம் நைதரசன், 24 சதவீதம் கந்தகம், தேயிலைக்குப் பிடித்ததும் பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட புளிப்பு மண்தான். தொடர்ந்து போட்டால் மண் அளவுக்கு மீறிப் புளித்துவிடும் என்பதால்தான் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தை ஒட்டி, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் என்ற கல்தூளைப் போடுகிறார்கள்.

சரி, அமிலத்தை நடுநிலையாக்கிய அந்த அமோனியா எங்கிருந்து வந்தது? காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தான், ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் செடியால் அதை நேரே எடுக்க முடியாது. ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஒஸ்மியத்தை ஊக்கியாக, அதாவது தான் தீராமல் வினையை விரைவுபடுத்தும் பொருளாக, வைத்து அமோனியா எடுத்துக் காட்டினார். ஒஸ்மியம் மிக அரிய உலோகம், ஆலை நடத்த அது போதாது. பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் இரசாயன நிறுவனத்தில் அல்வின் மிட்டாஷும் அவருடைய ஆட்களும் ஆயிரக்கணக்கான கலவைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, கடைசியில் இரும்புத் தாதுவோடு கொஞ்சம் அலுமினாவும் பொட்டாசியமும் சேர்ந்த கலவையில் வந்து நின்றார்கள். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றும் உலகின் பெரும்பாலான அமோனியா ஆலைகளில் அதே குடும்பத்து இரும்பு ஊக்கிதான், 400 முதல் 500 பாகை வெப்பத்தில், நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில். அந்த இரும்பின் மேற்பரப்பில் நைதரசன் மூலக்கூறு ஒட்டி உடைவதுதான் எல்லாவற்றிலும் மெதுவான படி என்பதைப் படிப்படியாகக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்டலுக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இப்போது 2021க்கு வருவோம். அந்த வருடம் இரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தது, நவம்பரில் தளர்த்துவதற்குள் மலை வெளுக்கத் தொடங்கிவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. கூட்டெரு இருக்கிறதே என்றார்கள். நானும் கூட்டெருவை மதிக்கிறவன்தான், ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது: 50 கிலோ எஸ்.ஏ மூட்டையில் பத்தரைக் கிலோ நைதரசன், நல்ல கூட்டெருவில் ஒன்றிலிருந்து ஒன்றரைச் சதவீதம் இருந்தால் அதே அளவுக்கு 700 முதல் 1050 கிலோ வரை வேண்டும், அதைச் செங்குத்து மலையில் யார் தலையில் ஏற்றுவது? ஒரு கிலோ தேயிலைத் தூளோடு ஏறத்தாழ 40 கிராம் நைதரசன் மலையை விட்டுப் போகிறது. அது எங்கிருந்தாவது திரும்பி வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் பேர், அதாவது முழு நாள் சம்பளம், அரைப்பேர் ஆகும். அந்தத் தண்டனையை அனுபவித்தது முடிவெடுத்தவர்கள் அல்ல, மலைக்குப் போன பெண்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம். நைலோன் ஆலைக்கு நல்ல ஊக்கி வந்தால் அந்த மிச்சமே இல்லாமல் போகலாம். ஜப்பானின் சுமிடோமோ கெமிக்கல் 2003இல் நீஹாமாவில் தொடங்கிய முறையில், டைட்டேனியம் சேர்ந்த சிலிக்கா ஊக்கியோடு அமோனியாவும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்து ஒக்சைமைத் தருகின்றன, அடுத்த படி அமிலமே இல்லாமல் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் மேல் ஆவியாகவே நடக்கிறது. அமோனியம் சல்பேற்று வருவதில்லை. சீனாவின் ஆலைகள் பலவற்றில் முதற்படிக்கு இந்த டைட்டேனியம் ஊக்கி வந்துவிட்டது, இரண்டாம் படி இன்னும் அமிலத்தில்தான், அதனால் உப்பு வந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்கு மிச்சம் இல்லாத முறை நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்தவர் ஆலை மிச்சத்தை நம்பி உரத் திட்டம் போடுகிற நாடு, அந்த ஆலைகளில் எந்த ஊக்கி மாறுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நம் கையிலேயே இருக்கிற மிச்சம் மிலாறு, அதாவது கவ்வாத்தில் வெட்டி விழும் கிளைகள். கவ்வாத்து வெட்டியதும் அதை அப்படியே நாம் குடியிருக்கும் லயத்துக்கு விறகாகத் தூக்கிப் போகிறோம். காஸ் விலையில் வேறு என்ன செய்வது, அதுவும் உண்மை. ஆனால் நைதரசன் செறிவாக இருப்பது இலையில், குச்சியில் குறைவு. அதனால் மிலாறைக் கொஞ்ச நாள் மலையிலேயே காயவிட்டு, இலை கொட்டிய பிறகு குச்சியை மட்டும் எடுத்தால் அடுப்பும் எரியும், மலைக்குச் சேர வேண்டியதும் மலையிலேயே கிடக்கும். தோட்ட நிர்வாகங்கள் அதற்கு நாள் ஒதுக்கிக் கொடுத்தால் போதும்.