தராசிலிருந்து தொடங்கும் பேச்சு

சுற்றுச்சூழலைப் பற்றிப் பத்துப் பேர் கூடிப் பேசினால் முதல் அரை மணி நேரம் சண்டையே வராது. பூமி சூடாகிறது, குப்பை பெருகுகிறது, பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்பதில் யாருக்கு மாற்றுக் கருத்து இருக்கும்? எல்லோரும் தலையாட்டுவார்கள். "சரி, ஏதாவது செய்யணும்" என்று கூட்டம் கலையும். அடுத்த கூட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள், அதற்கடுத்ததற்கு அழைத்தவர் மட்டும்.

அப்படிப்பட்ட பேச்சில் இல்லாதது நல்லெண்ணம் அல்ல, பேசுபொருள். கைக்கு எட்டுகிற, அளக்க முடிகிற, யார் யாருக்குப் பங்கு என்று தெரிகிற ஏதாவது ஒன்று நடுவில் இருக்க வேண்டும். 20 வீடுகள் சேர்ந்து சமையலறைக் கழிவை உரமாக்குவதை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். தண்ணீருக்கும், பொதுத் தோட்டத்துக்கும் வழி ஏறக்குறைய இதேதான்.

கூட்டம் போடுவதற்கு முன்பே ஒரு வாரம் எடை போடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூடியுள்ள ஒரு வாளி, ஒரு தொங்கு தராசு, ஒரு தாள். காலி வாளியின் எடையை முதலில் குறித்துக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் கழித்தால் போதும். ஏழு நாளும் வேண்டும். விடுமுறை நாளின் சமையல் வேறு, வேலை நாளின் சமையல் வேறு. வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ வந்தது என்று வையுங்கள். 20 வீட்டுக்கு 10 கிலோ, வாரத்துக்கு 70 கிலோ. இந்த எண்ணோடு கூடுகிற கூட்டமும் எண் இல்லாமல் கூடுகிற கூட்டமும் ஒன்றல்ல.

10 கிலோ ஈரக்கழிவு சுமார் 20 முதல் 25 லிட்டர் இடம் பிடிக்கும். அதோடு கன அளவில் இரண்டு மடங்கு காய்ந்த இலை சேர்க்க வேண்டும், அதாவது தினமும் 40 முதல் 50 லிட்டர். காய்கறிக் கழிவில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 15 அல்லது 20-க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். நுண்ணுயிர்களுக்குத் தேவை 25 முதல் 30-க்கு 1. அந்த இடைவெளியை இலை நிரப்புகிறது. குவியலுக்குள் காற்று போகவும் வழி விடுகிறது. மரத்தூளில் கார்பன் பல மடங்கு அதிகம் என்பதால் இலைக்குப் பதிலாக அதே அளவு போட்டால் குவியல் சூடேறாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

எந்தக் கூட்டத்திலும் தொட்டியைப் பற்றித்தான் ஆர்வமாகப் பேசுவார்கள்: பிளாஸ்டிக்கா, செங்கல்லா, எந்த மூலையில், என்ன நிறம். திட்டம் தடுமாறுவது இலையில். வாரத்துக்கு 300 லிட்டருக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். மரங்கள் இலை உதிர்ப்பது வருடத்தில் சில மாதங்கள். கழிவு வருவது வருடம் முழுக்க. ஆகவே நனையாமல் சேமிக்கக் குறைந்தது 1,000 லிட்டர் இடம் வேண்டும், அதுவும் மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். இலையை முதலில் முடிவு செய்யுங்கள், தொட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டிக் கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் தொட்டி, உள்ளே போட்டது அமுங்கிச் சுருங்குவதால், சுமார் மூன்று வாரத்தில் நிரம்பும். நிரம்பியது உரமாக ஒன்பது வாரம் என்று வைத்தால், நிரம்புகிற ஒன்று, முதிர்கிற மூன்று, ஆக நான்கு. இரண்டு தொட்டி போதும் என்று தொடங்கினால் ஏழாவது வாரமே பச்சைக் கழிவைப் போட இடமிருக்காது. யாராவது அரைகுறை உரத்தை அள்ளி வெளியே கொட்டுவார், நாற்றம் எழும், "அன்றைக்கே சொன்னேனே" என்பவர் அப்போது தவறாமல் வருவார்.

அடுத்து உழைப்பு. கூட்டு நலன் என்ற பெரிய சொல் உண்மையா என்று இங்கேதான் தெரியும். தினமும் கழிவைக் கொட்டி, இலை மூடி, வாளி கழுவ 20 நிமிடம். வாரம் ஒருமுறை கிளற 40 நிமிடம். மொத்தம் வாரத்துக்கு மூன்று மணி நேரம். வீட்டுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 9 நிமிடம். முறைவைத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 20 வாரத்துக்கு ஒரு வாரம். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதாவிட்டால் மூன்று மணி நேரமும் சத்தமில்லாமல் ஒருவர் தலையில் விழும்: பெரும்பாலும் சொல்ல வாயில்லாத துப்புரவுப் பணியாளர், அல்லது மறுக்கத் தெரியாத ஒரு பெண். யாரைக் கேட்காமல் முடிவெடுக்கிறோமோ அவரே அந்த வேலையைச் செய்யப்போகிறவர் என்றால், அந்தக் கூட்டத்தை ஒத்திவைப்பதே நல்லது. பணியாளர் செய்வதாக முடிவானால் அதற்குத் தனி ஊதியம், கையுறை, கைகழுவ இடம் மூன்றும் அதே முடிவில் எழுதப்பட வேண்டும்.

கூட்டத்தை நடத்தும் முறைக்கு வருகிறேன். 12 பேருக்கு மேல் வேண்டாம். 20 வீடும் வந்தால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். நடத்துபவர் தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். நேரம் பார்ப்பவர் வேறொருவர், எழுதுபவர் இன்னொருவர். முன்மொழிவை ஒருவர் வாசிக்கிறார். முதல் சுற்றில் விளக்கக் கேள்விகள் மட்டும். "இது சரிவராதுன்னு தெரியாதா?" என்பது கேள்வி வேடம் போட்ட கருத்து, நடத்துபவர் சிரித்துக்கொண்டே அதை அடுத்த சுற்றுக்குத் தள்ள வேண்டும். இரண்டாம் சுற்றில் ஆளுக்கு 2 நிமிடம் கருத்து, குறுக்கே யாரும் பேசக்கூடாது. 12 பேருக்கு 24 நிமிடம்தான் ஆகும். வழக்கமான கூட்டத்தில் மூன்று பேரே தின்றுவிடும் நேரம் அது. மூன்றாம் சுற்றில் ஆட்சேபம்.

ஆட்சேபம் என்றால் என்ன என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" ஆட்சேபம் அல்ல. "தொட்டியை அந்தச் சுவரோரம் வைத்தால் கீழ்வீட்டுச் சன்னலுக்கு 2 மீட்டர்தான் இடைவெளி, அவர்கள் சன்னலைத் திறக்க முடியாது" என்பது ஆட்சேபம். அதில் தகவல் இருக்கிறது, அதை வைத்து முன்மொழிவைத் திருத்தலாம். கை தூக்கி வாக்கெடுத்தால் 11-க்கு 9 என்று முடிவு வரும், ஆனால் அந்த 9 வீடும் கழிவைப் பிரிக்காமல் கொட்டினால் உரம் கெடும். இந்த வேலைக்குப் பெரும்பான்மை போதாது. எல்லோரும் மகிழ்ந்து ஏற்கவும் தேவையில்லை. ஆறு வாரத்துக்குத் தாங்கிக்கொள்ள முடிந்தால் போதும். ஆறு வாரம் என்று தேதி போட்டால் மறுப்பவர்களில் பாதிப் பேர் இளகிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. முடிவை நாலு வரியில் எழுதி, யார், என்ன, எப்போது, எதுவரை என்று உரக்க வாசித்துவிட்டு எழுந்திருங்கள்.

பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்பவர்களுக்கு: 1968-இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு மாட்டைப் பெருக்கி நிலத்தை அழிக்கிறார்கள். அந்த மேய்ப்பர்கள் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதைக் கவனியுங்கள். நிஜ ஊர்களில் பேசினார்கள். சுவிட்சர்லாந்தின் ட்யோர்பெல் கிராமத்தில் 1517-ஆம் ஆண்டின் விதி ஒன்று, குளிர்காலத்தில் சொந்தத் தீவனம் போட்டுக் காக்க முடிகிற மாடுகளை மட்டுமே கோடையில் பொது மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்றது. எவர் கொட்டிலையும் எட்டிப் பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஊர்களை ஒப்பிட்டு ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார். அவர் குழுவின் ஆய்வகச் சோதனைகளிலும், பங்காளிகள் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தபோது பொதுவளம் நன்றாகவே காக்கப்பட்டது. பேச்சில்லாமல் தண்டனை மட்டும் இருந்தபோது, கிடைத்த ஆதாயத்தைத் தண்டனைச் செலவே விழுங்கியது.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று கண்காணிப்பு. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் இடங்களில், அடுத்த முறைக்காரர் மடையருகே காத்து நிற்பதாலேயே முந்தையவர் நேரம் தாண்டுவதில்லை. தனிக் காவலாளி தேவையில்லை. உரத்தொட்டியிலும் அப்படியே செய்யலாம்: வாரக் கடைசியில் அடுத்த வீட்டுக்காரர் வந்து பார்த்து, குறிப்பேட்டில் ஒப்பமிட்ட பிறகுதான் முறை கைமாறும்.

பிளாஸ்டிக்கைக் கலந்து போடும் வீட்டுக்கு உடனே அபராதம் என்று யாராவது சொல்வார். அவசரப்படாதீர்கள். இஸ்ரேலின் ஹைஃபாவில் 10 குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வு 2000-இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அவற்றில் ஆறில் அபராதம் போட்டார்கள், தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்துவிட்ட பிறகும் தாமதம் குறையவில்லை. கூச்சமாக இருந்தது கட்டணமாகிவிட்டது. முதல் முறை தவறினால் வாளியைத் திருப்பிக் கொடுத்து என்ன தவறு என்று காட்டுவது, இரண்டாம் முறை இருவர் போய்ப் பேசுவது, மூன்றாம் முறை வட்டத்தில் வைப்பது. இந்தப் படிகளே போதும்.

தொட்டி கெட்டால் ஆளைத் தேடுவதற்கு முன் குவியலை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் காற்றில்லை, ஈரம் அதிகம்: கிளறி இலை சேர்க்க வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை என்றால் நைட்ரஜன் மிகுதி: கிளறுவது மட்டும் உதவாது, இலைதான் மருந்து. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் கூடுதல், உதிர்ந்தால் குறைவு. சில நாளில் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். 70-ஐத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும், கிளறி ஆற்றுங்கள். ஈ மொய்ப்பது பெரும்பாலும் கடைசியாகப் போட்டவர் இலை மூடாததால்.

ஆறாவது வாரக் கூட்டத்துக்குக் குறிப்பேடு, தராசு, ஒரு கைப்பிடி உரம் மூன்றும் வட்டத்தின் நடுவில் இருக்கட்டும். முதல் கேள்வி எத்தனை கிலோ மிச்சமானது என்பதாக இருக்க வேண்டாம். இந்த ஆறு வாரத்தில் யாருக்கு வேலை கூடியது என்று கேளுங்கள், பதில் சொல்வதற்கு முதல் வாய்ப்பைக் கிளறியவர்களுக்குக் கொடுங்கள்.