ஒத்த ரோடு

ஜனவரி 6

பக்கத்து வீட்டு மதாம் இன்னிக்கு பண்டிகைன்னு கலெத் சுட்டு எடுத்துட்டு வந்தாங்க, ஒரு மாதிரி கேக்கு. உள்ள ஒளிச்சு வைக்கிற பீங்கான் பொம்ம யார் துண்டுல வருதோ அவங்க தான் ராஜா, ராணி. என் துண்டுல தான் இருந்துச்சு, பல்லு தப்பிச்சது. "ராணி நீயா, உள்ள இருக்கறதா"ன்னு வயித்தப் பாத்து கேக்கறாங்க. காகிதக் கிரீடத்த இவரு தலைல வச்சு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

ஜனவரி 8

நாங்க இருக்கற இந்த சேன்-வெரான்ல, பிரான்ஸ் ஆல்ப்ஸ் மலை ஊரு, சேவல் நட்சத்திரத்தக் கொத்தித் தின்னுமாம், அவ்ளோ உசரமாம். 2,040 மீட்டர். வந்து ஏழு வாரம் ஆச்சு, ஒரு சேவல் கூவி கேக்கல.

ஜனவரி 9

ரோடு பத்தி நெனைக்கவே கூடாதுன்னு தான் படுத்தேன். வடக்க இசோவார் கணவாய், 2,360 மீட்டர், நாங்க வந்தப்பவே மூடிட்டாங்க. கிழக்க அன்யெல், 2,744, தாண்டினா இத்தாலி, அதுவும் பனிக்காலம் முடியற வரைக்கும் கெடயாது. மிச்சம் கில் ஆத்தோரமா கீழ கியெஸ்த்ர் டவுனுக்குப் போற ரோடு ஒண்ணு தான், ஒரு பக்கம் ஆறு ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, நடுவுல நடுவுல குகை மாதிரி டனல், மேலேருந்து கல்லு விழுந்தா மூடுவான் பனி சரிஞ்சா மூடுவான், ஆஸ்பத்திரி அதுக்கும் அந்தப் பக்கம். இவரு குறட்ட விட்டு தூங்கறாரு. எப்படித்தான் தூக்கம் வருதோ.

ஜனவரி 10

வெயில். நல்லா சாப்ட்டேன்.

ஜனவரி 13

கிழக்குக் காத்து. மதாம் இதுக்கு லொம்பார்துன்னு சொல்றாங்க. மேற்க கிரெனோப்ள் நகரம் பக்கம் வானம் பளிச்சுன்னு இருந்தாலும் இங்க மட்டும் இத்தாலி சமவெளிலேருந்து ஈரத்த அள்ளிட்டு வந்து மலைல மோதி கொட்டிட்டுப் போகுமாம். பனிச்சரிவு எச்சரிக்கை 5க்கு 4. ரோடு மூடியாச்சு. இவரு காலைல சாமான் வாங்க கீழ போனவரு, அங்கயே மாட்டிக்கிட்டாரு.

மதாம் வீட்டுல தான் படுக்கை. கீழ கல்லுச் சுவரு, அதுக்கு மேல மரத்த மரமாவே அடுக்கின வைக்கோல் மாடி. இப்ப நான் படுத்திருக்கற ரூம் முன்னாடி தொழுவமாம். குளிர்காலம் பூரா மாடும் மனுஷனும் ஒரே ரூம்ல, மாட்டு மூச்சு தான் ஹீட்டர். இவங்க பொறந்ததே இங்க தானாம், ஜன்னலோரம் காட்டினாங்க. டாக்டர் யாருன்னு கேட்டேன். பசு இருந்துச்சுன்னாங்க. சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

ஜனவரி 14

இன்னும் மூடி தான். மதாம் 1957 ஜூன் கதைய எடுத்துட்டாங்க. மழையும் பனி உருகின தண்ணியும் சேந்து கில் ஆறு பொங்கி பாலம் ரோடு எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயி, பள்ளத்தாக்கே தனியா நின்னுச்சாம். அப்ப இவங்களுக்கு 17. இந்தக் கதைய இன்னிக்கேவா சொல்லணும்? அப்புறம் ரை ரொட்டிக் கத, ரைன்னா கோதுமை மாதிரி ஒரு தானியம். விதைச்சா அறுக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகுமாம், ஊர் அடுப்புல மொத்தமா சுட்டு மாசக்கணக்கா வச்சு, கல்லு மாதிரி ஆனத வெட்டறதுக்குன்னே பலகைல மாட்டின கத்தி. அந்தக் கத்தி சுவத்துல தொங்குது. ராத்திரி பூரா அதையே பாத்துட்டிருந்தேன்.

ஜனவரி 16

வந்துட்டாரு. வெங்காயம் 5 கிலோ. இரும்பு மாத்திரைய மறந்துட்டாரு. நான் பேசல.

ஜனவரி 17

பேசிட்டேன்.

ஜனவரி 19

டாக்டரம்மா பிரசவத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கீழ வந்துடச் சொல்றாங்க. பிப்ரவரின்னா ஸ்கூல் லீவு, ஹோட்டல் நெரம்பி வழியும், எந்த முதலாளி சமையல்காரனுக்கு லீவு குடுப்பான். ஊர்ல இருக்கறதே ஏறக்கொறய எரநூறு பேரு, பனில ஒரு சீசன் கோடைல ஒரு சீசன், அதுல சம்பாதிச்சா தான் உண்டு. மதாம் சொல்றாங்க, அந்தக் காலத்துல பனிக்காலம் வந்தா இங்க வேலையே இருக்காது, ஆம்பளைங்க வாத்தியார் வேலை தேடி கீழ சந்தைக்குப் போவாங்களாம், தொப்பில இறகு சொருகிட்டு. எழுத்து மட்டும்னா ஒரு இறகு, கணக்கும் தெரிஞ்சா ரெண்டு, லத்தீனும்னா மூணு. இப்ப பனிக்கு தான் எல்லாரும் மேல ஏறி வர்றாங்க, நாங்களும் அப்படி வந்தவங்க தான். இவரு தொப்பில எத்தன இறகுன்னு கேட்டேன். "பிரியாணிக்கு ஒண்ணு போட்டுக்க"ங்கறாரு.

ஜனவரி 22

ஒரு சுவத்துல சர்புலா வரஞ்ச சூரியக் கடிகாரம். 19ஆம் நூற்றாண்டுல இத்தாலிலேருந்து ஊர் ஊரா நடந்து வந்து வரஞ்சவரு. நம்மூரு கிளி மாதிரி ஒரு பறவ அதுல. நாலு நாளா வெயில் இல்ல, மணி காட்ட முடியாம அந்தக் கிளி சும்மா உக்காந்திருக்கு. நானும்.

ஜனவரி 24

அம்மா போன். "பேசாம பாண்டிக்கு கெளம்பி வா." இந்த மாசத்துல எந்த ப்ளேன்ல ஏத்துவான்.

ஜனவரி 26

திரும்ப கிழக்குக் காத்தாம், நாளைக்கு ராத்திரிக்கு மேல. கியெஸ்த்ர்ல ஒரு ரூம் கெடச்சுது, வாடக கேட்டு மயக்கமே வந்துடுச்சு. இவரு முதலாளிகிட்ட பேசப் போயி ஒரு மணி நேரம் ஆச்சு. பை கட்டி கதவுகிட்ட வச்சாச்சு. மதாம் வந்து அந்த பீங்கான் பொம்ம எங்கன்னு கேட்டு, தேடி எடுத்து பை சைடு ஜிப்புல போட்டாங்க.

ஜனவரி 27

காலைலயே மேகம் அன்யெல் பக்கம். இவரு கார் மேல பனிய சுரண்டற சத்தம் கேக்குது, இன்னும் கண்ணாடிக்கே வரல