குடல் ஹார்மோன் கேள்வி: அட்டவணையை விடுங்கள், நேரக்கோடு போடுங்கள்

மருத்துவப் படிப்பின் பிசியாலஜி (உடலியங்கியல்) தேர்வு முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். பெரிய கேள்வியாகப் பசியும் உடற்பருமனும் வந்தது. வைவா என்ற வாய்மொழித் தேர்விலும் அதே இடத்தில்தான் என்னைப் பிடித்தார்கள். இந்தப் பகுதியைக் கடைசி நாளுக்குத் தள்ளி வைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு விஷயம். புத்தகத்தில் ஹார்மோன், செல், தூண்டுதல், வேலை என்று கட்டம் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அதை மனப்பாடம் செய்தால் குடலில் ஹார்மோன் சுரக்கும் ஐ செல், கே செல், எல் செல் மூன்றும் தேர்வறையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்குப் பதில் தாளின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். சாப்பாட்டுக்கு முன், இரைப்பை, முன்சிறுகுடல், கடைக்குடல், அப்புறம் பல வாரங்கள் கழித்து. உணவு போகும் வழியிலேயே ஹார்மோன்களை உட்கார வையுங்கள். எழுத்துத் தாளின் முதல் பக்கத்திலேயே இந்தக் கோட்டை வரைந்தேன். வேறு எந்த முறையையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கோட்டின் தொடக்கத்தில் கிரெலின் என்ற பசி ஹார்மோன். இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது, சாப்பாட்டுக்கு முன் ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. 1999-இல் கோஜிமா, கங்காவா குழு கண்டுபிடித்தது. மூன்றாவது அமினோ அமிலமான செரினில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டினால்தான் தன் ஏற்பியை (ரிசெப்டாரை) தூண்டும். இந்த வரிக்குத் தனி மதிப்பெண் உண்டு. மூளையின் ஹைப்போதலாமசில் உள்ள ஆர்குவேட் கருவில், பசியைத் தூண்டும் என்பிஒய், ஏஜிஆர்பி நியூரான்களைத் தூண்டிப் பசியைக் கூட்டுகிறது. நம் பாடத்தில் பசியைக் கூட்டும் பக்கம் நிற்கும் குடல் ஹார்மோன் இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் போதும் என்று சொல்பவை.

முன்சிறுகுடலில் கொழுப்பும் புரதமும் வந்ததும் ஐ செல்கள் சிசிகே (கோலிசிஸ்டோகைனின்) என்ற ஹார்மோனை விடுகின்றன. அது வேகஸ் நரம்பின் வழியே மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பி அந்த வேளைச் சாப்பாட்டைச் சுருக்குகிறது. எலிகளுக்கு அதைக் கொடுத்தால் குறைவாகச் சாப்பிடுகின்றன என்று 1973-இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வேளையும் தொடர்ந்து கொடுத்தபோது எலிகள் அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டிக்கொண்டன. எடை குறையவில்லை. ஒரு வேளையைக் கட்டுப்படுத்துவது வேறு, எடையைக் கட்டுப்படுத்துவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. கட்டாயம் எழுதுங்கள்.

கடைக்குடலிலும் பெருங்குடலிலும் எல் செல்கள்: அவை சுரப்பவை ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டு ஹார்மோன்கள். இங்கே வைவாவில் ஒரு பொறி உண்டு. உணவு கடைக்குடலுக்குப் போய்ச் சேரும் முன்பே, சில நிமிடங்களில் ஜிஎல்பி-1 எப்படி ஏறுகிறது? நரம்பு வழித் தூண்டலையும், மேல்குடலிலும் கொஞ்சம் எல் செல்கள் இருப்பதையும் சொன்னால் போதும். இன்னொன்று, டிபிபி-4 என்ற ஒரே நொதி ஜிஎல்பி-1-ஐ வெட்டிச் செயலிழக்க வைக்கிறது. பிஒய்ஒய்யை வெட்டி, பசியைக் குறைக்கும் 3-36 வடிவமாக மாற்றுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான்.

இனி உடற்பருமன். மதிப்பெண் போவதும் இங்கேதான். பருமனானவர்களுக்குக் கிரெலின் கூடுதலாக இருக்குமா என்று தேர்வாளர் கேட்பார். இல்லை, பொதுவாகக் குறைவாகவே இருக்கும். தீராப் பசியை உண்டாக்கும் பிராடர்-வில்லி என்ற மரபணு நோயில்தான் உயர்ந்திருக்கும். அப்படியானால் கிரெலினுக்கு இதில் என்ன பங்கு? உணவைக் குறைத்து எடையை இறக்கும்போது அது ஏறுகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் எடை குறைத்தவர்களை ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோதும் கிரெலின் உயர்ந்தும், பிஒய்ஒய், சிசிகே, கொழுப்புத் திசு ஹார்மோனான லெப்டின் தாழ்ந்தும் இருந்தன. பசியும் கூடவே இருந்தது. நேரக்கோட்டின் கடைசிப் பகுதி இதற்காகத்தான். எடை மீண்டும் ஏறுவதற்கு மனவுறுதி இல்லாததுதான் காரணம் என்று தயவுசெய்து விடைத்தாளில் எழுதாதீர்கள். எடை குறைத்தவரின் உடல் மாதக்கணக்காக அவரைச் சாப்பிடத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. நாளை நம் முன் வந்து உட்காரப்போகும் நோயாளியிடமும் அப்படிப் பேசிவிடக் கூடாது.

சிகிச்சைப் பகுதிக்கு நான் நீளமாக எழுதவில்லை. இயற்கையான ஜிஎல்பி-1-இன் அரை ஆயுள் சுமார் 2 நிமிடம், அதைப் போலவே வேலை செய்யும் ஊசி மருந்தான செமாக்ளூடைடுக்குச் சுமார் ஒரு வாரம். இந்த ஒப்பீட்டை வைத்தே தொடங்கலாம். இந்த மருந்தால் இரைப்பை காலியாவது தாமதப்படுகிறது, மூளையில் நேரடியாகவும் வேலை செய்கிறது, குமட்டல் முக்கியப் பக்கவிளைவு. எடை குறைப்பு அறுவைகளில், ரூ-என்-ஒய் என்ற மாற்றுவழி (பைபாஸ்) அறுவையில் உணவு சீக்கிரமாகக் கீழ்க்குடலை எட்டுவதால் சாப்பாட்டுக்குப் பின் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் எகிறுகின்றன. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் மேற்பகுதி போய்விடுவதால் கிரெலின் இறங்குகிறது. குடல் ஹார்மோன் புரிந்தால் அறுவைப் பகுதிக்குத் தனியாகப் படிக்க ஒன்றுமில்லை.

சில்லறை விஷயங்கள்:

- லெப்டினைக் குடல் ஹார்மோன் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது முதன்மையாகக் கொழுப்புத் திசுவிலிருந்து வருவது. நீண்டகாலக் கையிருப்பைச் சொல்வது.
- ஜிஐபி என்ற ஹார்மோன் சுரப்பது கே செல்லில். டிர்செபடைடு என்ற மருந்து ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டின் ஏற்பிகளையும் தூண்டுகிறது.
- ஆர்குவேட் கருவின் படம் கட்டாயம். பசியைக் குறைக்கும் பிஓஎம்சி நியூரான்கள் ஒரு பக்கம், பசியைக் கூட்டும் ஏஜிஆர்பி மறுபக்கம், இரண்டும் போய்ச் சேருமிடம் எம்சி4 ஏற்பி.
- நீரிழிவுக்குத் தரும் டிபிபி-4 தடுப்பு மாத்திரைகளால் எடை ஏன் குறைவதில்லை என்று கேட்பார்கள். உடலே சுரக்கும் ஜிஎல்பி-1 சில மடங்குதான் கூடும், ஊசி மருந்து தரும் அளவை எட்டாது என்று தொடங்குங்கள்.
- மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், இறங்கிய எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்ற தரவைச் சொல்லிவிட்டு, நேரக்கோட்டின் கடைசிப் பகுதியைச் சுட்டிக் காட்டுங்கள். என் தேர்வாளர் அத்துடன் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.